ரிங்லெட் ஏரி ஏன் எப்போதும் கலங்கியே இருக்கிறது?

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டியதும் சாலையோரமாக நீளும் ஒரு குறுகலான ஏரியைப் பார்த்திருப்பார்கள். கரையில் ஆகாயத்தாமரை அடர்ந்திருக்கும். மழை பெய்த மறுநாள் போனால் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருக்கும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் இப்படியா இருக்கும் என்று கேட்காத பயணி குறைவு.

அது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டு பெர்த்தாம் ஆற்றை மறித்ததால் உருவான நீர்த்தேக்கம் அது. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்கள், தேயிலைச் சரிவுகள், நம் வீட்டு மின்விளக்கு, அணைக்குக் கீழே ஆற்றோரம் குடியிருக்கும் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு எல்லாம் இந்த ஒரு நீர்த்தேக்கத்தில் வந்து சந்திக்கின்றன. அதனால்தான் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அணைக்கு முன்னால்

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்து குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. செமாய் பூர்வக்குடி மக்களின் காடாகவே அது இருந்தது.

தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடப்பட்ட காலத்தில்தான் நிலைமை மாறியது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவில் தேயிலை நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று ஹாபு, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பகுதிகளில் வாழும் நம்மவர்களில் பலர் அந்தத் தலைமுறையின் வழிவந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று காய்கறிப் பயிர் செய்கிறார்கள். சிலர் லாரி ஓட்டுகிறார்கள். சிலர் கீழே இறங்கி ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள்.

நாடு 1957இல் சுதந்திரம் பெற்றபோது மின்சாரத்தின் தேவை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஈயச் சுரங்கங்களுக்கும் புதிய தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் வேண்டும். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலை மேலேயும், சமவெளி மிக அருகில் கீழேயும் இருக்கிறது. தண்ணீரை உயரத்திலிருந்து விழவைத்து மின்சாரம் எடுக்க இதைவிட நல்ல இடம் தீபகற்பத்தில் அதிகம் இல்லை என்று பொறியியலாளர்கள் முடிவு செய்தார்கள். 1958இல் உலக வங்கி இந்தத் திட்டத்துக்காக 35.6 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. கடனைப் பெற்றது அன்றைய மத்திய மின்சார வாரியம். அதுவே பின்னர் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது.

கிழக்கே போன தண்ணீர் மேற்கே திரும்பியது

இந்தத் திட்டத்தின் அதிசயம் பலருக்குத் தெரியாது. பெர்த்தாம் ஆறும், அதற்கு வடக்கே ஓடும் தெலோம் ஆறும் பஹாங் மாநிலத்து ஆறுகள். இரண்டும் கீழே சேர்ந்து ஜெலாய் ஆறாகி, பஹாங் ஆற்றில் கலந்து, தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியவை. பன்னெடுங்காலமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

திட்டம் அந்த வழியை மாற்றியது. முதலில் தெலோம் ஆற்றின் தண்ணீரையும் அதன் அருகே உள்ள சில சிற்றாறுகளின் தண்ணீரையும் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகப் பெர்த்தாம் பக்கம் கொண்டுவந்தார்கள். இரண்டையும் சேர்த்து ரிங்லெட்டில் தேக்கினார்கள். அங்கிருந்து இன்னொரு சுரங்கப்பாதை தித்திவாங்சா மலைத்தொடரைக் கடந்து பேராக் பக்கத்துக்குப் போகிறது. அந்தப் பக்கம் தண்ணீர் 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களில் கீழே பாய்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த விசை புரியும்.

அந்த விசையில் சுழலிகள் சுற்றுகின்றன. ஜோரில் மலைக்குள்ளேயே குகைபோல் குடைந்து அமைத்த சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அங்கே வேலை முடிந்த தண்ணீர் இன்னும் கீழே போய், தாப்பாவுக்கு அருகே வோ மின்நிலையத்தில் மறுபடியும் 150 மெகாவாட் வரை கொடுக்கிறது. பிறகு பாத்தாங் பாடாங் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணையை நோக்கி ஓடுகிறது. தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய பஹாங் தண்ணீர், இரண்டு முறை மின்சாரம் கொடுத்துவிட்டு நாட்டின் இன்னொரு பக்கக் கடலில் சேர்கிறது.

இத்தனைக்கும் ரிங்லெட் நீர்த்தேக்கம் சிறியது. அதன் மொத்தக் கொள்ளளவு 6 மில்லியன் கன மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் மின்சாரத்துக்குப் பயன்படுத்தக்கூடியது 4.7 மில்லியன் கன மீட்டர். ஜோர் மின்நிலையத்தை நிறுத்தாமல் முழு வேகத்தில் ஓட்டினால், மேலிருந்து புதிய தண்ணீர் வராத பட்சத்தில், இது ஏறத்தாழ மூன்று நாளுக்குத்தான் வரும். கெனிர் ஏரிபோல் மாதக்கணக்கில் தேக்கிவைக்கும் இடம் அல்ல இது. இரவில் சேர்த்து, மக்கள் அதிகமாக மின்சாரம் பயன்படுத்தும் நேரத்தில் எடுத்துவிடும் தொட்டி என்று சொல்லலாம். தொட்டி சிறியது என்பதால் அதற்குள் விழும் ஒவ்வொரு வாளி மண்ணும் கணக்கில் வருகிறது.

மண் எப்படி ஏரிக்கு வருகிறது?

ஓடும் ஆறு மண்ணைச் சுமக்கும். ஓட்டம் நின்றால் மண்ணைக் கீழே போட்டுவிடும். ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் முதலில் கல்லும் மணலும் படியும். மெல்லிய களிமண் இன்னும் உள்ளே போய் அணைச்சுவர் அருகே மெதுவாகப் படியும். எந்த நீர்த்தேக்கத்துக்கும் இது பொதுவான விதி. நம் முன்னோர் ஏரி வெட்டிய ஊர்களில் 'தூர்' என்ற சொல் அன்றாடப் பேச்சில் இருந்ததற்குக் காரணமும் இதுதான். ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, காலா காலத்தில் தூர் வாரவும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரிங்லெட்டைக் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது. சுரங்கப்பாதையின் வாய்க்குக் கீழே, மண் படிவதற்கென்றே ஏரியின் அடியில் இடம் ஒதுக்கினார்கள். அன்றைய கேமரன் மலையில் ஆற்றில் வந்த மண்ணின் அளவைக் கணக்கிட்டு, நீர்த்தேக்கம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் பயன்படும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கணக்குப்படி 2040களின் தொடக்கம் வரை கவலை இருந்திருக்கக் கூடாது.

ஆனால் மேலே நிலம் மாறியது. 1960களுக்குப் பிறகு காய்கறிப் பயிரும் பூப்பயிரும் கேமரன் மலையில் வேகமாகப் பரவின. சமநிலம் தீர்ந்ததும் சரிவுகள் வெட்டப்பட்டன. மலையை இயந்திரத்தால் படிபடியாக வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளும் வழக்கம் வந்தது. பிறகு தங்கும் விடுதிகள், அடுக்குமாடி வீடுகள், அகலச் சாலைகள் வந்தன. காடு, தேயிலை, காய்கறி ஆகிய மூன்று நிலங்களிலிருந்தும் மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்று 1950களிலேயே இங்கே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காட்டு நிலத்தில் மிகக் குறைவு. தேயிலையில் அதைவிட அதிகம். காய்கறி நிலத்தில் எல்லாவற்றையும்விட அதிகம்.

இதன் காரணம் எளிது. காட்டில் மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. மண்ணை அடையும்போது வேகம் போய்விடுகிறது. நன்கு வளர்ந்த தேயிலைச் செடியும் மேசை விரித்ததுபோல் மண்ணை மூடிவிடும். காய்கறி நிலத்தில் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் மண் திறந்தே கிடக்கிறது. பிளாஸ்டிக் கூரை போட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கூரைக்குக் கீழே பயிர் பிழைக்கிறது. ஆனால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் கூரையிலிருந்து ஒரே நேரத்தில் வடிகாலில் கொட்டுகிறது. வடிகால் சரியாக இல்லையென்றால் அந்தத் தண்ணீர் சரிவை அறுத்துக்கொண்டு போகிறது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் மேல்மண் ஒரே ஒரு சென்டிமீட்டர் கரைந்தால் அது ஏறத்தாழ 40 கன மீட்டர். 10 கன மீட்டர் ஏற்றும் லாரியில் நான்கு லாரி. நிலத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் தெரியவே தெரியாது. ஆனால் ரிங்லெட்டுக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறத்தாழ 183 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு சிறு பகுதி திறந்துகிடந்தாலும் ஆண்டு முழுக்க எத்தனை லாரி மண் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

விளைவு, மண்ணுக்கென்று ஒதுக்கிய அடிப்பகுதி நிரம்பியது. அதையும் தாண்டி, தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தையும் சேறு பிடித்துக்கொண்டது. ஏரியின் முதல் கொள்ளளவில் பாதி அளவுக்கு மண் அடைத்துவிட்டதாகவே ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தெளிவாகாத அந்தத் தண்ணீர் சுழலிகளுக்குள் போகும்போது அதிலுள்ள மணல் இரும்பை அராவுகிறது. ஏரியில் மிதந்துவரும் பிளாஸ்டிக்கும் குப்பையும் வேறு.

2013 அக்டோபர் 23

சேறு மின்சாரத்துக்கு மட்டும் சிக்கல் என்றால் அது பொறியியலாளர்களின் கவலையாக நின்றிருக்கும். அது மக்களின் கவலையாக மாறியது 2013 அக்டோபர் 23ஆம் தேதி. முந்தைய மாலை முதல் கனமழை பெய்தது. நீர்த்தேக்கம் நிரம்பியது. நள்ளிரவுக்குப் பிறகு அணையின் கதவுகள் கட்டங்கட்டமாகத் திறந்துவிடப்பட்டன. கீழே பெர்த்தாம் வேலி பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் தண்ணீரும் சேறும் பாய்ந்தன. குறைந்தது மூவர் உயிரிழந்தனர். பல வீடுகள் சேதமடைந்தன. வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அணையைப் பாதுகாக்கத் தண்ணீரைத் திறக்க வேண்டிய கட்டாயம் இருந்தது, விதிமுறைப்படியே திறந்தோம் என்பது அணைத் தரப்பின் விளக்கம். எங்களுக்குப் போதிய எச்சரிக்கை கிடைக்கவில்லை என்பது குடியிருப்பாளர்கள் தரப்பின் குறை. அடுத்த ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ரிங்லெட் வட்டாரத்தில் மீண்டும் சேற்று வெள்ளம் வந்து மேலும் உயிர்களைப் பறித்தது.

திறக்காமலே இருந்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் அணைச்சுவரின் மேல் ஏறி வழிய ஆரம்பித்தால் அணைக்கே ஆபத்து. அணை உடைந்தால் ஏற்படும் அழிவு பல மடங்கு. ஆகவே ஓர் அளவுக்கு மேல் திறந்தே ஆக வேண்டும். உண்மையான கேள்வி, அந்த அளவு ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதுதான். காலியான வாளி மழைத்தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாங்கும். பாதி மண் நிறைந்த வாளி சீக்கிரம் வழியும். மேலே சரிவில் கரைந்த மண், கீழே பெர்த்தாம் வேலியில் வெள்ளமாக வருவதன் தொடர்பு இதுதான்.

அணைக்குக் கீழே சுருங்கிய ஆறு

இன்னொரு காரணம் அணைக்குக் கீழே இருந்தது. பெர்த்தாம் ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதி சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் போய்விடுவதால், அணைக்குக் கீழே ஆறு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஓடைபோல் சுருங்கிவிட்டது. பத்து, இருபது ஆண்டுகள் ஓர் ஆறு அப்படியே இருந்தால் மனிதர்கள் அதை ஆறு என்று நினைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கரையில் பயிர் வைத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொட்டகை போட்டார்கள். ஆற்று ஒதுக்கு நிலம் குறுகியது. படிந்த மண்ணில் புல்லும் புதரும் முளைத்து ஆற்றின் வழியை இன்னும் சுருக்கின. பெரிய வெள்ளத்தைச் சுமக்கும் அகலம் ஆற்றுக்கு இல்லாமல் போனது.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் இதில் கலந்திருக்கிறது. கேமரன் மலையில் காய்கறிப் பயிர் செய்தவர்கள் பலர் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்தவர்கள். அடுத்த ஆண்டு இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், கல் வைத்துப் படிமதில் கட்டுவதற்கும் சேறு தேக்கும் குட்டை வெட்டுவதற்கும் பணம் போடத் தயங்குவார். உரிமமே இல்லாமல் காட்டை வெட்டியவர்களும் இருக்கிறார்கள். 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் குவாலா தெர்லாவில் பண்ணைகள் அகற்றப்பட்டபோது பாதிக்கப்பட்டவர்களில் இந்திய விவசாயிகள் பலர் இருந்தார்கள். அது ஆற்று நீர்ப்பிடிப்பு நிலம் என்பது மாநில அரசு சொன்ன காரணம். பல ஆண்டுகளாகப் பாடுபட்டுப் பயிர் செய்த நிலம் என்பது விவசாயிகளின் வாதம். நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் முதலில் பிடிபடுபவர் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியாகவும், மலையையே வெட்டியவர் கடைசியில் பிடிபடுபவராகவும் இருந்தால் அது நியாயமாகாது.

என்ன செய்யப்படுகிறது?

ஏரியில் தூர் வாரும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. சாலையில் போகிறவர்கள் கரையில் மண்வாரி இயந்திரங்களைப் பார்த்திருக்கலாம். வாருவதைவிடக் கடினமான வேலை, வாரிய சேற்றை எங்கே கொட்டுவது என்பது. மலைப்பகுதியில் சமநிலம் அரிது. சரிவில் கொட்டினால் அடுத்த மழையில் அது மறுபடியும் ஆற்றுக்கே வந்துவிடும். ஏரிக்குள் வரும் முன்பே மண்ணைப் பிடிக்க, சிற்றாறுகளில் தடுப்புகள் அமைப்பது ஒரு வழி. ஆனால் அவற்றையும் அடிக்கடி காலி செய்யாவிட்டால் பயன் இல்லை.

2013 வெள்ளத்துக்குப் பிறகு பெர்த்தாம் ஆற்றை ஆழப்படுத்தி அகலப்படுத்தும் பணி நடந்தது. ஆற்றோரக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. எச்சரிக்கை ஒலிக்கும், மக்களுக்கான வெளியேற்றப் பயிற்சிக்கும் முக்கியத்துவம் கொடுக்கப்பட்டது. பெர்த்தாம் ஆற்றில் இன்னும் கீழே சூசு அணைக்கட்டு எழுந்தது. 372 மெகாவாட் திறனுள்ள உலு ஜெலாய் மின்திட்டம் 2016இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆக, ஒரே ஆற்றில் இப்போது இரண்டு பெரிய அணைகள். மேலே கரையும் மண்ணுக்குப் போய்ச் சேர இன்னோர் இடம் கிடைத்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் வாருவதும் தடுப்பதும் வந்த மண்ணுக்கு வைத்தியம். வராமல் இருக்க வேண்டுமென்றால் வேலை மேலேதான் நடக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் புதிதாக வெட்ட விடாமல் இருப்பது, வெட்டிய நிலத்தை மழைக்காலத்தில் புல்லாலோ வைக்கோலாலோ மூடுவது, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து வடிகாலில் இறக்குவது, ஆற்றோரம் மரங்களை விட்டுவைப்பது ஆகியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு மழைத்தண்ணீரைக் குறுக்கே திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டுவது கைவந்த வேலை. விவசாயிக்கு நீண்டகால நில உறுதி கொடுத்து, அதற்குப் பதிலாக இந்த வேலைகளைக் கட்டாயமாக்கினால் இரு தரப்புக்கும் நன்மை உண்டு.

மலையில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்தைத் தொடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னொரு முறை. இந்தக் காலத்தில் ரிங்லெட், பெர்த்தாம் வேலி பகுதிகளில் குடியிருப்பவர்களும், அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அணையின் எச்சரிக்கை ஒலி கேட்டால், தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஆற்றங்கரைக்குப் போகக் கூடாது. பொருளை எடுக்கத் திரும்பாமல், மேட்டுப் பக்கம் நகர வேண்டும். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் மேலே மழை பெய்யாத நாளிலும் நீர்மட்டம் திடீரென உயரலாம். ஆகவே வறண்டு கிடக்கிறதே என்று ஆற்றுப்படுகையில் காரை நிறுத்துவதும், பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் ஆபத்து. ஆற்றோரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கைச் செய்தி மொழி காரணமாகப் புரியாமல் போகலாம். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே பாதுகாப்பான வழியைக் காட்டி வைப்பது கடமை.

சரிவில் புதிதாக மண் வெட்டப்படுவதையோ, ஆற்றில் மண் தள்ளப்படுவதையோ பார்த்தால் மாவட்ட நில அலுவலகத்திலும் நீர்ப்பாசன வடிகால் துறையிலும் புகார் செய்யலாம். இடம், நாள், நேரம் குறிப்பிட்டுப் படத்துடன் கொடுத்தால் புகாரை ஒதுக்குவது கடினம். அடுத்த பெருமழைக்குள் அந்த மண் ரிங்லெட் ஏரிக்குப் போய்ச் சேராமல் இருக்க இதுவும் ஒரு வழி.